நரிக்குத் துப்பாக்கி பார்த்த படலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம்வரை என் வாழ்நாளில் நான் சுட்டது மொத்தம் ஐந்து தோட்டாக்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது, திருச்சிக்கு வெளியே ஒரு மண்மேட்டின் எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டு சுட்டது. ஐந்தும் குறி தவறாமல், பக்கத்தில் படுத்திருந்த பையனின் அட்டையில் போய் விழுந்தன. ஐந்து துளை இருக்கவேண்டிய அட்டையில் பத்துத் துளை இருந்ததைப் பார்த்த ஹவில்தார் சற்று யோசித்துவிட்டு அவனுக்கே கோப்பையைக் கொடுத்தார். அன்று மாலை விடுதியில், "அந்தக் கோப்பை எனக்கு வரவேண்டியது" என்று எல்லோரிடமும் சொன்னேன். கணக்குப்படி பார்த்தால் பாதியாவது எனக்கு வரவேண்டியதுதான்.

அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவன் யோகநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவன். பிறகு எங்கெங்கோ அலைந்து சிட்னியில் ஒதுங்கி, ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டான். போன மாதம் வாட்ஸ்அப்பில் அழைத்தான்.

"மச்சான், ஒரு துவக்கு வாங்க வேணும். நீ வந்து தெரிஞ்சு தா. டிக்கெட் நான் போடுறன்."

துவக்கு என்றால் அவர்கள் பேச்சில் துப்பாக்கி. விஷயம் இதுதான். சிட்னிக்குத் தென்மேற்கே கோல்பர்ன் பக்கம் நாற்பது ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்கிறான். போன வருஷம் பதினொரு குட்டிகளை நரி கொண்டுபோய்விட்டது. இந்த வருஷம் பத்தொன்பது ஆடுகள் சினையாக நிற்கின்றன. இந்தத் தடவையும் நரி வந்தால் காணியை விற்றுவிடவேண்டும் என்று அவன் மனைவி வசந்தி சொல்லிவிட்டாள். யோகன் பயிற்சி வகுப்புக்குப் போய், உரிமம் எடுத்து, அனுமதிக் கடிதம் வாங்கி, சுவரில் இரும்புப் பெட்டியும் பொருத்திவிட்டான். பெட்டிக்குள் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஐம்பத்தேழு வயதுவரை என்னை ஒருவரும் எந்தத் துறையிலும் நிபுணன் என்று கூப்பிட்டதில்லை. என் வீட்டில் மின்விசிறி வாங்கும்போதுகூட என்னைக் கடைக்கு வெளியே ஸ்கூட்டருக்குக் காவல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆகவே, "என்ன துப்பாக்கின்னு வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன், டாக்டர் மாதிரி.

கையோடு படிக்க ஆரம்பித்தேன். இணையத்தில் இதற்கென்றே ஒரு தனி உலகம் இருக்கிறது. அங்கே பெரிய மனிதர்கள் இரவு பகலாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தோட்டா வேகம், எது காற்றில் விலகாது, எது தோலைக் கிழிக்காது என்று நாற்பது பக்கம் குறிப்பெடுத்தேன். தோட்டாவின் எடையைத் தானிய மணிக் கணக்கில் சொல்கிறார்கள். நம் ஊரில் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. விமானம் இறங்குவதற்குள் இருநூறு மீட்டரில் ஒரு தோட்டா எத்தனை அங்குலம் தாழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

சிட்னியில், பென்டில் ஹில் பகுதியில் யோகனின் வீடு. வாசலில் கறிவேப்பிலைச் செடி, உள்ளே மட்டன் ரோல்ஸ். மூன்று தின்று முடிக்கும்வரை யாரும் துப்பாக்கி பற்றிப் பேசவில்லை. நான்காவதை எடுத்தபோது வசந்தி எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணை, உங்களை இவர் ஏன் கூப்பிட்டவர் எண்டு தெரியும். நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. துவக்குச் சத்தம் கேட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இப்ப நானே கடையில போய் வாங்கி, வீட்டில வைச்சுக் கேக்கப் போறன்."

"வேண்டாம்னா விட்டுடலாம் வசந்தி."

"ஆர் வேண்டாம் எண்டது? குட்டியளை நினைச்சா எனக்கும் பாவமாத்தான் கிடக்கு. வாங்குங்கோ. ஆனா அது வெடிக்கேக்குள்ள நான் கட்டிலுக்குக் கீழ போகக் கூடாது. போனன் எண்டால், துவக்கும் போகும், காணியும் போகும்."

நாற்பது பக்கக் குறிப்பைப் புரட்டினேன். வேகம் இருந்தது, எடை இருந்தது, காற்று இருந்தது. கட்டில் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் யோகனுக்கு மருத்துவமனையில் ஏதோ பரிசோதனை. என்னைத் தனியாக, சிட்னிக்கு மேற்கே இருக்கும் நீலமலைப் பக்கம் ரயிலேற்றி அனுப்பிவைத்தான். மலை நன்றாகவே இருந்தது. நான் பார்த்தது மேகத்தைத்தான் என்றாலும், மேகமும் நன்றாகவே இருந்தது. திரும்பும்போது ஒரு பெட்டியில் ஏறினேன். கூட்டம் உண்டு, சத்தமே இல்லை. என்ன நாகரிகமான ஜனங்கள் என்று மெச்சிக்கொண்டு யோகனுக்குப் போன் போட்டு, நம் ஊர் வழக்கப்படி, போன் இல்லாமலே சிட்னிக்குக் கேட்கும் குரலில் ஆரம்பித்தேன்.

"டேய் யோகா, டூ டூ த்ரீ தோட்டா எடுத்தா டூ ஹண்ட்ரட் மீட்டர்ல ஒரே ஷாட். ஹெட் ஷாட் வேண்டாம். செஸ்ட்தான் சேஃப்."

ஐந்து நிமிடம் இதே ரீதியில் போனது. நிமிர்ந்து பார்த்தால் பெட்டி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பேசக் கூடாத அமைதிப் பெட்டி அது. தலைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியுமிருந்தது. மாநிறத்தில் ஓர் ஆள், அந்தப் பெட்டியில், இந்தப் பேச்சு. அடுத்த ஸ்டேஷனில் கைவிலங்கோடு இறங்குவதாக எனக்கு ஒரு காட்சி தெரிந்தது.

எதிர் வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பாட்டி என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "இது அமைதிப் பெட்டி, அன்பரே" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் குனிந்தார். "என்ன, நரிக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"டூ டூ த்ரீ சரியான தேர்வு. என் கணவர் சாகும்வரை அதைத்தான் வைத்திருந்தார்." பின்னலுக்குத் திரும்பினார். பின்னால் இருந்த ஒருவர் பெட்டியின் விதியை மீறி, "டூ ஃபோர் த்ரீ" என்றார். பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சென்ட்ரல் வரைக்கும் வாய் திறக்கவில்லை. நம் ஊரில் கிரிக்கெட்டுக்கும் சாம்பாருக்கும் எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் இருப்பதுபோல இவர்களிடம் இதற்கு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனோம். டைல்ஸ் கடைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில், கம்பிக் கதவு போட்ட கடை. உள்ளே சுவர் நீளத்துக்குத் துப்பாக்கிகள். எங்கள் தெரு வங்கிக் காவலாளியின் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். அவர் ஓய்வுபெறும்வரை அது ஒருமுறைகூட வெடிக்கவில்லை, கயிறுதான் அறுந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இங்கே வாய் பிளக்காமல் இருக்க முடியவில்லை. கடைக்காரர் கிரெக், காக்கி அரைக்கால்சட்டை, தாடி. உரிமம் இல்லாதவர்கள் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நிபுணனாகிய நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்துக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன்.

ஆனாலும் விடவில்லை. என் குறிப்பேட்டைப் பிரித்து, வேகம், எடை, தாழ்வு என்று என் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். கிரெக் பொறுமையாகக் கேட்டார்.

"நன்றாகப் படித்திருக்கிறீர்கள்" என்றார். "இதெல்லாம் கயோட்டிக்கு."

"ஆமாம், நரிதானே?"

"கயோட்டி அமெரிக்காவில் இருக்கிறது. ஓநாய்க்குத் தம்பி. இங்கே ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் நரி ஆறு கிலோ. கொழுத்த பூனைதான். வால் மட்டும் பெரிசு."

நாற்பது பக்கமும் வேறொரு கண்டத்துப் பிராணிக்கு. யோகன் என் முதுகில் தட்டி, "பரவாயில்லை மச்சான், அமெரிக்காவுக்குப் போனா உதவும்" என்றான்.

அதற்குள் வசந்தி களத்தில் இறங்கிவிட்டாள். பார்க்க மாத்திரம் வருகிறேன் என்று சொல்லி வந்தவள். தீபாவளிக்கு ஜவுளிக்கடைப் பாயில் உட்கார்ந்த மாதிரி முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். அதை எடுங்கோ. இதை எடுங்கோ. இதில கறுப்பில்லாமல் மண்ணிறம் இருக்கோ? அந்த ரெண்டாவதைத் திருப்பிக் காட்டுங்கோ. யோகன் மொழிபெயர்க்க, கிரெக் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டி, வரிசையாக வைத்தார். ஒன்பது துப்பாக்கிகள் மேசையில் கிடந்தன. பத்தாவதுக்கு இடமில்லை.

"இதில எது சத்தம் குறைஞ்சது?" என்றாள் வசந்தி.

இங்கே நிபுணனாகிய நான் குறுக்கிட்டேன். சத்தத்தை அடக்கும் குழாய் ஒன்று உண்டாமே, அதைப் பூட்டினால் என்ன என்று கேட்டேன். கிரெக் முகம் மாறி, சுவரில் இருந்த காமிராவை ஒரு முறை பார்த்தார். "அது இங்கே சட்டவிரோதம். நீங்கள் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை" என்றார்.

வசந்தி எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உலகமெங்கும் தமிழ்ப் பெண்கள் ஒன்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சொல்வதைச் சொன்னாள்: "சரி. போட்டு வாறம்."

போய் வருகிறோம் என்று யோகன் சொல்ல, கிரெக் அந்த ஒன்பதையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஜவுளிக்கடைப் பையன்களின் முகத்தில் மட்டுமே நான் கண்ட பார்வை அது. ஆனால் நல்ல மனுஷன். வாசல்வரை வந்து விஷயத்தைக் கேட்டார். யோகன் கட்டில் கதையைச் சொன்னான். கிரெக் தாடியைத் தடவினார். "ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப் மைதானத்துக்கு வாருங்கள். நாலு வகை சுட்டுக் காட்டுகிறேன். உங்கள் மனைவி தன் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்."

ஞாயிறு காலை போகும் வழியில் டயர் பஞ்சர். யோகனின் காரில் உதிரிச் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை ஆட்டுத் தீவனம் இருந்தது. உதவி வண்டி வரும்வரை புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தோம். போகிற கார் எல்லாம் நின்று விசாரித்தது. ஒருவர் எட்டிப் பார்த்து, இது என்ன சோறு என்று கேட்டு, ஒரு கை வாங்கித் தின்று, உறைப்பில் கண் கலங்கி, ரொம்ப நன்றி சொல்லிப் போனார்.

மைதானத்தில், உரிமமில்லாதவன் மேற்பார்வையில் சுடலாம், ஒரு படிவம் நிரப்பவேண்டும் என்றார்கள். உங்களுக்கு மனநிலைக் கோளாறு உண்டா என்று ஒரு கேள்வி. ஆட்டுக்குட்டிக்காகக் கடல் கடந்து வந்து இங்கே நிற்கிறேன் என்பதை நினைத்துப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, இல்லை என்று எழுதினேன்.

ஏற்பாடு இதுதான். வசந்தி வேலிக்கு வெளியே காரில், பாதி திறந்த ஜன்னலோடு. காணி வீட்டின் குசினிக்கும் (சமையலறையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) வேலிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். மடியில் ஒரு கட்டு முருங்கைக் கீரை, ஆய்வதற்கு. நான் பக்கத்தில், பென்சிலோடு. உள்ளே கிரெக்கும் யோகனும் ஒவ்வொன்றிலும் மூன்று வெடி. எது எது என்று எங்களுக்குத் தெரியாது.

முதலாவது வெடித்தது. வசந்தியின் விரல்கள் கீரையில் நின்றுவிட்டன. "வேண்டாம்" என்றாள். எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது சாட்டையடி மாதிரி இருந்தது. வசந்தி ஜன்னலை ஏற்றிவிட்டாள். "மேலயிருந்து சுடுற மாதிரிக் கிடக்கு. ஹெலி வந்தா இப்பிடித்தான்."

"சத்தத்தை வச்சே சொல்லுவியா வசந்தி?"

"பதினாலு வயசில எல்லாருக்கும் தெரியும் அண்ணை. ஆர் சுடுறாங்கள், எவ்வளவு தூரம், பங்கருக்குள்ள போக நேரம் இருக்கோ, இல்லாட்டிச் சோத்தை வடிச்சுப்போட்டுப் போகலாமோ எண்டு. கணக்குப் பாடத்தில எனக்கு நாப்பது. இதில நூறு." சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜன்னல் மறுபடி இறங்கியது.

மூன்றாவது மற்ற இரண்டையும் விடச் சத்தம் குறைவு. இதுவாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் டிக் போட்டேன். வசந்தி கீரைக் காம்பை இரண்டாக ஒடித்தாள். பிறகு நாலாக.

"இது தெரிஞ்ச சத்தம்" என்றாள். "இது வேண்டாம் அண்ணை."

பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டேன். ரயில் பாட்டியின் டூ டூ த்ரீ அதுதான் என்று பிறகு தெரிந்தது. நரிக்குச் சரியான தேர்வு என்று இந்த நாடே சொல்லும் தோட்டா. ராணுவத் துப்பாக்கிகளும் அதே அளவைத்தான் சுடும் என்று என் குறிப்பேட்டிலேயே ஓர் ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்தேன், சுவையான தகவல் என்று.

நான்காவது. டப். மறுபடி டப். வசந்தியின் விரல்கள் இலையை உருவிக்கொண்டே இருந்தன. மூன்றாவது வெடிக்கும் நிற்கவில்லை.

"இது காத்துக்குக் கதவு அடிச்ச மாதிரி" என்றாள். "கதவுக்கு ஆரும் பயப்பிடுறேல்லை."

உள்ளே ஓடினேன். நாலாவது எது என்று கேட்டேன். ஹார்னெட் என்றார் கிரெக். நம் மொழியில் குளவி. சின்னத் தோட்டா, நூறு வருஷப் பழசு, நூற்றைம்பது மீட்டருக்குள் நரிக்குப் போதும். இணையத்துப் பெரிய மனிதர்கள் இதைத் தாத்தாக்களின் பொம்மை என்று தள்ளியிருந்தார்கள். கிரெக் மகிழ்ந்துபோனார். "பக்கத்துக் காணிக்காரர்களுக்கும் உங்களைப் பிடிக்கும். இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கீரையை வைத்துத் துப்பாக்கி தேர்ந்தெடுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்."

வந்ததற்கு நானும் ஐந்து சுட்டுப் பார்க்கட்டும் என்று குளவியை என்னிடம் கொடுத்தார்கள். ஆறாம் எண் மேடை. தோளில் சார்த்தி, மூச்சை அடக்கி, ஐந்தையும் சுட்டேன். ஒலிபெருக்கியில் மேற்பார்வையாளரின் குரல் வந்தது: ஆறாம் எண் அட்டையில் ஒன்றும் இல்லை, ஏழாம் எண்ணில் இருப்பவர் இன்று மிகச் சிறப்பாகச் சுடுகிறார். ஏழாம் எண்ணில் இருந்த அம்மாள் இன்னும் துப்பாக்கியைப் பையிலிருந்தே எடுக்கவில்லை.

மைதானத்தில் ரொட்டிக்குள் வைத்து விற்ற சாசேஜைத் தின்றபடி யோகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திருச்சி, மண்மேடு, ஹவில்தார், எல்லாம். அவன் சாஸைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு அப்பவே தெரியும். கோப்பை வாங்கினவன் என்ர ரூம்மேட். அந்தக் கோப்பையிலதான் நாங்கள் பல்லு மினுக்கத் தண்ணி வைச்சிருந்தனாங்கள்."

"அப்புறம் ஏன்டா என்னை வரச்சொன்னே?"

"சும்மா வா எண்டு பதினைஞ்சு வருஷமாக் கூப்பிட்டனான். வந்தனியோ?"

இரண்டாவது சாசேஜுக்கு வரிசையில் நிற்கப் போனேன். கண்ணில் வெங்காயப் புகை.

புதன்கிழமை குளவியோடு காணிக்குப் போனோம். வழியில் கோல்பர்னில் மாவுக்கூட்டுக்குள் இறைச்சிக் குழம்பு வைத்துச் சுட்ட 'பை' தின்றேன். மேலே கடித்தால் கீழே ஒழுகும் பண்டம். இலை போட்டுச் சாப்பிட்டுப் பழகியவன் காரில் வைத்துத் தின்னக் கூடாது. காணியில் முந்தின நாளே இரண்டு ஆடுகள் ஈன்று, நாலு குட்டிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. நான் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த நான்கு ஜீவன்கள். ஒன்று என் சட்டைப் பொத்தானைத் தின்றது.

சூரியன் இறங்கும் நேரம், நரி வந்தது. வேலியோரமாக, வாடகை வசூலிக்க வந்தவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தது. அழகான பிராணி, அதையும் சொல்லவேண்டும். யோகன் பிக்கப் வண்டியின் பின்தட்டில் தீவன மூட்டைமேல் துப்பாக்கியை வைத்துப் படுத்திருந்தான். நான் பைனாகுலரோடு பக்கத்தில், மூச்சு விடாமல். நரிக்குப் பின்னால் குளத்தின் கரை வரும்வரை காத்திருந்தான், தோட்டா தாண்டிப் போகாதபடி. குட்டிகளுக்கும் அதற்கும் நடுவில் முப்பதடி இருக்கும்.

டப்.

நரி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை. ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, குசினி ஜன்னலைப் பார்த்தோம். விளக்கு எரிந்தது. உள்ளே ஆளைக் காணவில்லை.

யோகன் துப்பாக்கியைத் திறந்து, காலி என்று பார்த்து, பூட்டி எடுத்துக்கொண்ட வேகத்தைச் சொல்ல முடியாது. அறுபதை நெருங்கும் இருவர், முட்டி வலியோடு, ஆட்டுப் புழுக்கையில் வழுக்கிக்கொண்டு ஓடினோம். அவன் வாயில் 'கட்டில், கட்டில்' என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. துவக்கும் போகும், காணியும் போகும் என்றுதானே பேச்சு. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அறைக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தோம். ஒரு சூட்கேஸ் மட்டும் இருந்தது.

குசினிக்குள் நுழைந்தோம். வசந்தி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர்கள் கிரைண்டர் என்று சொல்லும் மிக்சி, தேங்காயோடு மேசையில் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"என்ன, ரெண்டு பேரும் இப்பிடி இளைச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"வசந்தி, சத்தம்..." என்றான் யோகன்.

"என்ன சத்தம்? சுட்டுட்டியளோ? நான் சம்பலுக்குக் கிரைண்டர் போட்டிருந்தனான். ஒண்டும் கேக்கேல்லை."

நரி விழுந்துவிட்டது என்று யோகன் சொன்னான். நாலு குட்டியும் பத்திரம் என்று நான் சொன்னேன். அவள் ஜன்னல் வழியே குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, தேங்காயை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அப்ப முதலாவதா வெடிச்ச அந்தப் பெரிசையே வாங்கியிருக்கலாம்" என்றாள்.